எட்டு நாற்காலி, ஒன்பது பேர், ஒரு ஜோடி கறுப்பு ஷூ

கச்சேரி கேட்கத்தான் போனேன், சத்தியமாக. லண்டனில் வடக்குப் பக்கம் ஒரு பழைய தேவாலயம். மாலை 7.30க்குக் கச்சேரி. என் சித்தி பெண் அதில் வயோலா வாசிக்கிறாள். ஒத்திகையை ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமே என்ற நப்பாசையில் 4 மணிக்கே போய்விட்டேன். உள்ளே நுழைந்து ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை, அவள் என் கையில் ஒரு காகிதத்தைத் திணித்தாள். முழுக்க வட்டங்களும் பெருக்கல் குறிகளும்.

"வட்டம் நாற்காலி. பெருக்கல் நோட்டு ஸ்டாண்டு. இதெல்லாம் மாத்திப் போடறவருக்கு ஜுரம், வரல. அக்கா, நீதான்."

"நானா? மேடையிலயா? ஜனங்க முன்னாடியா?"

"கறுப்புப் புடவைதானே கட்டியிருக்க? போதும், போ."

இப்படியாக என் மேடை அரங்கேற்றம், ஐம்பத்திரண்டு வயதில், நாற்காலி தூக்கும் கலைஞராக, லண்டனில் நடந்தது.

இந்தக் கச்சேரிக்கு நாற்காலி தூக்க ஆள் ஏன் வேண்டும் என்றால், இதில் கூட்டணி மாறிக்கொண்டே இருக்கும். தேர்தல் நேரத்துத் தமிழ்நாடு கெட்டது. முதலில் மோட்சார்ட்: ஒரு வயலின், ஒரு வயோலா. அடுத்து துவோர்ஷாக்: இரண்டு வயலின், ஒரு வயோலா. மூன்றாவது ரோஸினி: ஒரு செல்லோ, ஒரு டபுள் பாஸ். இடைவேளைக்குப் பிறகு மெண்டல்சனின் ஆக்டெட்: நாலு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ. இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு, பிறகு எட்டு. பியானோ கிடையாது, குழல் கிடையாது, கையில் குச்சியோடு நடுவில் நிற்கும் நடத்துநர் கிடையாது. எல்லாம் தந்தி.

மேடைக்குப் பின்னால், பாதிரியார் அங்கி மாற்றும் சிறு அறைதான் இவர்களுக்குக் கிரீன் ரூம். நம்மூர் சபாவில் இந்நேரம் ஃபிளாஸ்கில் காபியும் வெற்றிலைப் பெட்டியும் இருக்கும். இங்கே ஒரு சீப்பு வாழைப்பழம். வாசிப்பதற்கு முன்னால் இந்த ஊர் வித்வான்கள் வாழைப்பழம்தான் சாப்பிடுகிறார்கள். கை நடுக்கம் குறையும் என்று ஒரு நம்பிக்கை. பக்கத்தில் நகவெட்டி. இடது கை நகம் ஒரு நூல் வளர்ந்திருந்தாலும் தந்தியில் இடிக்கும். அப்புறம் சேஃப்டி பின், பென்சில், ரப்பர், ரேடியேட்டர் மேல் காயும் யாரோ ஒருவருடைய குடை, ஒரு மின்சாரக் கெட்டில். கெட்டிலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

வயலின் பெட்டிகளுக்குள் எட்டிப் பார்ப்பது அடுத்தவர் கைப்பையைக் குடைவது மாதிரி. ஆனாலும் பார்த்தேன். குழந்தையின் புகைப்படம், மாற்றுத் தந்தி, துணியில் சுற்றிய, வில்லில் தேய்க்கும் ராசின் கட்டி. ஒரு பெட்டியிலிருந்து ஒரு பச்சை ரப்பர் குழாயை எடுத்தார்கள். தண்ணீரில் நனைத்து, பிழிந்து, வயலினின் வயிற்றுத் துளைக்குள் பாம்பு மாதிரி விட்டுவைப்பார்களாம். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் அறைக் காற்று வறண்டுவிடுகிறது, மரம் சுருங்குகிறது, பிரடை நழுவுகிறது, சில சமயம் பலகையே வெடிக்கிறது. சென்னை வயலினுக்கு ஈரம் எதிரி, லண்டன் வயலினுக்கு வறட்சி எதிரி.

நானும் சின்ன வயதில் மயிலாப்பூரில் ஆறு வருஷம் வயலினை அறுத்தவள். பிரிட்ஜை எங்கள் வாத்தியார் 'குதிரை' என்றே சொல்வார். அதைச் சித்தி பெண்ணிடம் சொன்னதும், "அப்போ குதிரை மேல நிக்கிற தந்திய, குதிரை வால் முடியால தேய்க்கிறோமா!" என்று குதித்தாள். வில்லில் நூற்றைம்பதுக்கு மேல் குதிரை வால் முடி இருக்கிறது. சில டபுள் பாஸ்காரர்கள் கறுப்பு முடி கேட்டு வாங்குகிறார்கள். அது முரடு, தடித்த தந்தியை நன்றாகக் கவ்வும். வில்லின் கட்டை பிரேசில் நாட்டு பெர்னம்புகோ மரம். அந்த மரம் அருகிப்போய், 2007 முதல் சர்வதேசக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வயலினுக்குள்ளே, மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவில், பசை எதுவும் இல்லாமல் இறுக்கத்தில் மட்டுமே நிற்கும் ஒரு சின்னக் குச்சி உண்டு. அதை இத்தாலிக்காரர்கள் 'அனிமா' என்கிறார்கள், ஆன்மா என்று அர்த்தம். குச்சி சாய்ந்தால் சத்தம் செத்துவிடும்.

5.40க்கு முதல் அலறல் கேட்டது. இரண்டாவது செல்லோக்காரர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கறுப்புச் சட்டை இருக்கிறது, கறுப்பு பேண்ட் இருக்கிறது, கறுப்பு ஷூ இல்லை. காலில் இருந்தது ஆரஞ்சு நிற ஓட்டப்பந்தய ஷூ. சும்மா ஆரஞ்சு இல்லை; நெடுஞ்சாலையில் ரோடு போடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் சட்டை நிறம். வயலின்காரர் என்றால் ஸ்டாண்டுக்குப் பின்னால் காலை ஒளித்துக்கொள்ளலாம். செல்லோ வாசிப்பவர் காலை அகட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் சபைக்கு நைவேத்தியம் மாதிரி நீட்டியாக வேண்டும்.

அறையே கணக்குப் போட ஆரம்பித்தது. யாருடைய கால் என்ன அளவு, யார் எதில் வாசிக்கிறார்கள். டபுள் பாஸ்காரர் ஒரு மூலையில் நிதானமாகச் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ரோஸினி ஒன்றுதான், இடைவேளைக்கு முன்னால் முடிந்துவிடும். இரண்டாவது செல்லோக்காரருக்கு ஆக்டெட் ஒன்றுதான், அது இடைவேளைக்குப் பிறகு. ஒன்பது தலையும் ஒரே நேரத்தில் பாஸ்காரரின் பாதத்தைப் பார்த்தன. (என் தலையையும் சேர்த்துத்தான் ஒன்பது.) அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

ஒரு நம்பர் பெரிசு. நிகழ்ச்சி நிரல் தாளை மடித்து முன்னால் அடைத்துக்கொள்வதென்று தீர்மானம் நிறைவேறியது.

பிறகு சுருதி சேர்த்தார்கள். இங்கேதான் நான் சொக்கிப்போனேன். நம் வயலின் ச-ப-ச-ப. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் இந்த வாத்தியத்தை நம் சங்கீதத்துக்குப் பழக்கியதிலிருந்து அதை மார்புக்கும் காலுக்கும் நடுவில் சாய்த்து, தரையில் உட்கார்ந்து, பாடகரின் சுருதிக்கு இறக்கி வாசிக்கிறோம். இவர்களுடைய வயலினில் நாலு தந்தியும் நாலு ஸ்வரம், ஒவ்வொன்றும் அடுத்ததற்கு ச-ப தூரம்: ஜி, டி, ஏ, ஈ. வயோலா இன்னும் ஒரு பஞ்சமம் கீழே இறங்கி, சி-யில் தொடங்குகிறது; செல்லோ அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே.

சரி, ஒவ்வொரு பஞ்சமத்தையும் சுத்தமாகச் சேர்த்தால் முடிந்ததல்லவா? அங்கேதான் வம்பு. வயோலாவின் அடித்தந்தி சி. அங்கிருந்து சுத்தமான பஞ்சமமாக நாலு படி ஏறினால் வயலினின் மேல் தந்தி ஈ. சி-யை ஸட்ஜமம் என்று வைத்தால் ஈ அதற்கு அந்தர காந்தாரம். ஆனால் இப்படிப் படியேறி வந்த காந்தாரம், காதுக்கு இதமான காந்தாரத்தைவிட ஒரு பிசிறு தூக்கலாக இருக்கும். 81க்கு 80 என்ற வித்தியாசம். நம் சாஸ்திரக்காரர்கள் இதற்குத்தான் பிரமாண சுருதி என்று பேர் வைத்து, 22 சுருதிகளை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகச் சண்டை போடுகிறார்கள். அதே சண்டை இந்தப் பாதிரியார் அறையில், மாலை 6 மணிக்கு, வாழைப்பழத் தோலுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தது. "உன் சி இறங்கியிருக்கு." "இல்லை, உன் ஈ ஏறியிருக்கு." கடைசியில் சமரசம்: எல்லாரும் எல்லாப் பஞ்சமத்தையும் ஒரு மயிரிழை குறுக்கிக்கொள்வது. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை, ஆனால் எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு சி மேஜர் பிடித்தபோது ஜன்னல் கண்ணாடி முனகியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இதை டிக்கெட் வாங்கியவர்கள் கேட்கவே இல்லை என்று நினைத்தால் இன்னும் சந்தோஷமாக இருக்கிறது. அல்ப புத்தி.

இன்னொரு ரகசியம், மூச்சு. நடத்துநர் இல்லாதபோது எட்டுப் பேர் எப்படி ஒரே நொடியில் தொடங்குகிறார்கள்? முதல் வயலின்காரர் மூக்கால் ஒரு இழுப்பு இழுக்கிறார். ஜலதோஷக்காரர் உறிஞ்சுவது மாதிரி, 'ஸ்ஸ்ஃப்'. அந்த இழுப்பின் நீளம்தான் காலப்பிரமாணம். சின்ன இழுப்பென்றால் துரிதம், நீண்ட இழுப்பென்றால் விளம்பம். அதோடு புருவம், தோள், செல்லோக்காரரின் தாடை, எல்லாமே ஜாடை. முகம் முழுக்கப் பேச்சு. நம் கச்சேரியில் மிருதங்கக்காரரும் பாடகரும் கண்ணால் பேசிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும், எட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

7.30. முதல் இரண்டு நாற்காலியும் இரண்டு ஸ்டாண்டும் முன்பே போட்டாகிவிட்டதால் நான் தப்பித்தேன். கதவிடுக்கில் நின்று மோட்சார்ட் கேட்டேன். கே. 423 என்று எண்ணிட்ட ஜோடி இசை, 1783. இதைப் பற்றிப் பழைய வாழ்க்கை வரலாறுகளில் ஒரு கதை உண்டு. சால்ஸ்பர்க் பேராயருக்கு ஆறு ஜோடி இசை எழுதித்தர வேண்டிய மிக்கேல் ஹைடன், நாலு எழுதியதும் படுத்துவிட்டார். ஊருக்கு வந்திருந்த மோட்சார்ட் மீதி இரண்டை எழுதிக் கொடுத்து நண்பரைக் காப்பாற்றினார். இரண்டு வருஷம் முன்னால் மோட்சார்ட் சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டு வந்தது அதே பேராயரிடமிருந்துதான்.

வயோலாவும் பங்கேற்கும் இந்த ஜோடி இசையின் கதையைச் சித்தி பெண் எனக்குச் சொன்னதற்கு உள்நோக்கம் உண்டு. மேல்நாட்டுச் சங்கீத உலகில் வயோலாக்காரர்கள்தான் சர்தார்ஜி ஜோக்கின் நாயகர்கள். (வயலின் திருடு போகாமல் இருக்க என்ன வழி? வயோலா பெட்டியில் வைக்கலாம்.) அவள் இதற்கெல்லாம் பழிவாங்க ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். மோட்சார்ட் நண்பர்களோடு நால்வர் இசை வாசிக்கும்போது எடுத்துக்கொண்டது வயோலா. துவோர்ஷாக் பிராக் நகர நாடக அரங்கில் வயோலாக்காரராக வேலை பார்த்தவர். மெண்டல்சன் தன் ஆக்டெட்டிலேயே வயோலா பகுதியை வாசித்திருக்கிறார். "ரோஸினிய விட்டுடு" என்றாள் கறாராக. நான் என் பங்குக்கு, நம் பாலமுரளிகிருஷ்ணாவும் வயோலா வாசித்தவர் என்று எடுத்துவிட்டேன். பட்டியலில் உடனே சேர்த்துக்கொண்டாள்.

கேட்கிறவர்கள் கவனிக்காத ஒன்று: வயோலா உடம்பு, அதன் குரலுக்குப் போதவே போதாது. வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே பேச வேண்டுமானால், கணக்குப்படி நீளம் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். அத்தனை பெரிதைத் தோளில் வைத்துக் கை நீட்ட முடியாது. அதனால் சுருக்கிவிட்டார்கள். அளவும் ஆளுக்கு ஆள் மாறும். அந்தக் குறையால்தான் அதற்கு அந்தக் கம்மிய, கொஞ்சம் மூக்கடைத்த, விசேஷமான குரல். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

கைதட்டல். கதவு திறந்தது. "அக்கா, போ!"

மூன்றாவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்குள் நடந்தேன். காகிதத்தில் பார்த்தபோது சுலபமாக இருந்தது. மேடையில் எது இடம், எது வலம் என்றே மறந்துபோனது. பெருக்கல் குறியை வட்டத்தில் வைத்தேன், வட்டத்தைப் பெருக்கலில் வைத்தேன். முன்வரிசையில் ஒரு பாட்டி கைவிரலால் ஜாடை காட்டித் திருத்தினார். சரியாக வைத்ததும் கைதட்டினார். அவரைப் பார்த்துப் பின்வரிசையும் கைதட்டியது. நான் கும்பிடு போட்டுவிட்டு ஓடி வந்தேன். அறைக்குள் ஒன்பது பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில், துவோர்ஷாக் இரண்டு நிமிடம் தாமதம்.

அந்த மூவர் இசையின் பிறப்பும் பக்கத்து அறைச் சமாசாரம்தான். 1887 ஜனவரி, பிராக். துவோர்ஷாக்கின் குடும்பம் இருந்த வீட்டில் வேதியியல் படிக்கும் மாணவர் ஒருவர் வாடகைக்கு இருந்து, வயலினும் கற்றுக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மாணவரும் வாத்தியாரும் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு, 'நானும் வயோலாவோடு சேர்ந்துகொள்கிறேனே' என்று ஆசைப்பட்டு ஒரே வாரத்தில் எழுதித் தள்ளினார். எழுதி முடித்துப் பார்த்தால், பாவம், அந்த மாணவரால் வாசிக்க முடியாத அளவு கஷ்டம்! அவருக்காகச் சுலபமாக இன்னொன்று எழுத வேண்டி வந்தது. செல்லோ இல்லாத கூட்டணி இது, அடித்தளம் முழுக்க வயோலாவின் தலையில். சித்தி பெண் திரும்பி வந்தபோது முகம் தக்காளி மாதிரி இருந்தது. பேசாமல் வாழைப்பழத்துக்குக் கை நீட்டினாள்.

ரோஸினிக்கு ஒரே ஒரு நாற்காலியும் ஒரு உயர முக்காலியும். இந்த முறை தப்பில்லை. டபுள் பாஸ்காரர் தன் வாத்தியத்தை மயங்கி விழுந்த மாமாவைத் தாங்குவது போல அணைத்துக்கொண்டு போனார். அவருடைய வில்லை அவர் ரம்பம் பிடிப்பது மாதிரி கீழிருந்து பிடிக்கிறார், ஜெர்மன் பாணி. பிரெஞ்சு பாணிக்காரர்கள் செல்லோ மாதிரி மேலிருந்து பிடிப்பார்கள். 1824இல் ரோஸினி லண்டனுக்கு வந்திருந்தபோது எழுதியது இது. அன்றைக்கு லண்டனையே ஆட்டிவைத்த பாஸ் மேதை டிராகொனெட்டியை மனதில் வைத்து எழுதிய பகுதியும் இதில் உண்டு. கையெழுத்துப் பிரதி 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரை வெளியில் வராமலே கிடந்தது. இரண்டு குண்டர்கள் பரதம் ஆடுவது மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். ஆடத்தான் ஆடினார்கள், அபிநயத்தோடு. என் வரையில் அன்றைய முதல் பாதியில் இதற்குத்தான் முதல் மார்க்.

இடைவேளை. சபை ஒயின் குடிக்க நகர்ந்தது. உள்ளே ஷூ கைமாறியது. பாஸ்காரரின் ஷூவில் செல்லோக்காரரின் கால் இறங்கியது, நிகழ்ச்சி நிரலின் நான்காம் பக்கம் முன்னால் அடைபட்டது. செல்லோக்காரர் எழுந்து இரண்டடி நடந்து பார்த்தார், 'டொக், டொக்'. "நடக்காத. உக்காந்தே வாசி" என்றார் பாஸ்காரர். என்ன ஒரு யோசனை.

நான் அதற்குள் எட்டு நாற்காலியை அரைவட்டமாக அடுக்கி, தள்ளி நின்று அழகு பார்த்தேன். முதல் செல்லோக்காரர் வந்து பார்த்துவிட்டு, கல்யாணப் பந்தியா இது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். வில் போக இடம் வேண்டும். ஒவ்வொருவருக்கும் வலது பக்கம் ஒரு முழம் காலியாக இருக்க வேண்டும், செல்லோவுக்கு இன்னும் அதிகம். இல்லாவிட்டால் ஃபோர்டிசிமோ, அதாவது உச்ச சத்தம், வரும்போது அடுத்தவர் காதில் வில் போகும். கலைத்து மறுபடி போட்டேன். செல்லோவின் அடி முள்ளைத் தரையில் குத்தக் கூடாது என்பது தேவாலயத்தின் கட்டளை, பாலிஷ் போட்ட மரத் தரை. அதனால் ஒரு பட்டையை நாற்காலிக் காலில் மாட்டி, அதன் நுனியில் இருக்கும் கிண்ணத்தில் முள்ளை நிறுத்துகிறார்கள்.

மெண்டல்சனுக்கு இதை எழுதும்போது வயது 16. 1825 அக்டோபர், பெர்லின். வயலின் வாத்தியார் எடுவர்ட் ரீட்ஸுக்குப் பிறந்தநாள் பரிசு. பதினாறு வயதில் நான் வாத்தியாருக்குக் கொடுத்தது ஒரு பேனா. எட்டுத் தந்தி வாத்தியம் என்றால் இரண்டு நால்வர் அணி எதிரெதிரே நிற்கும் என்றுதான் அந்தக் காலத்தில் எண்ணம். இந்தப் பையன் எட்டையும் ஒரே உடம்பாக்கி, ஆர்கெஸ்ட்ரா மாதிரி வாசிக்கச் சொல்லி நோட்டிலேயே குறிப்பு எழுதிவைத்தான்.

'ஸ்ஸ்ஃப்'. தொடங்கிவிட்டார்கள். முதல் வயலின் ராக்கெட் மாதிரி கிளம்பி, ஸ்தாயி ஸ்தாயியாகத் தாவுகிறது. கதவிடுக்கில் நானும் பாஸ்காரரும், அவர் வெறும் சாக்ஸில்.

மூன்றாவது பகுதி ஸ்கெர்ட்சோ. கதேயின் ஃபாவுஸ்டில் வரும் ஒரு காட்சிதான் இதற்குத் தூண்டுதல் என்று மெண்டல்சனின் அக்கா ஃபானி சொல்லியிருக்கிறார். முழுக்க முழுக்கக் கிசுகிசு. எட்டு வில்லும் தந்தியைத் தொட்டும் தொடாமலும் துள்ள வேண்டும். ஈசல் கூட்டம் விளக்கைச் சுற்றுவது மாதிரி. 1829இல் மெண்டல்சன் இதே லண்டனில் தன் முதல் சிம்பொனியை நடத்தியபோது, அதன் மூன்றாவது பகுதியைத் தூக்கிவிட்டு இந்த ஸ்கெர்ட்சோவை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி வைத்தார். அவ்வளவு செல்லம்.

அந்தக் கிசுகிசுப்பின் நடுவில் என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு கிசுகிசு. 'ஸ்ஸ்ஸ்...' கெட்டில்! யாரோ டீக்குப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அது முணுமுணுத்து, உறுமி, கொதி நிலைக்கு ஏறுகிறது. நான் உறைந்து நின்றேன். பாஸ்காரர் சாக்ஸ் காலோடு, அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, பூனை தோற்கும்படி அறையைக் கடந்து ஸ்விட்சை இரண்டு கையாலும் பொத்தி அணைத்தார். 'க்ளிக்' கூட வரவில்லை. ஷூ போட்டிருந்தால் நடந்திருக்குமா?

கடைசிப் பகுதியை யார் தொடங்குவது என்று நினைக்கிறீர்கள்? இரண்டாவது செல்லோ. தனியாக, அடிமட்டத்தில், மூச்சுவிடாத ஓட்டம். அதை முதல் செல்லோ வாங்கி, வயோலாக்கள் வாங்கி, வயலின்கள் வரை ஒவ்வொருவராக ஏறிக்கொள்ள வேண்டும். அத்தனைக்கும் அஸ்திவாரம் இரவல் ஷூவில் உட்கார்ந்திருந்தது. வலது ஷூ ஓரமாக நழுவி, நான்காம் பக்கத்தின் வெள்ளை நுனி எட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. மனிதர் பாதத்தை அசைக்கவே இல்லை. விரல் மட்டும் பறந்தது. நடுவில் ஹேண்டலின் மெசையாவிலிருந்து ஒரு வரி தலைகாட்டும், ஸ்கெர்ட்சோவின் ஈசல்களும் ஒரு தடவை வந்து போகும். முடிந்தபோது முன்வரிசைப் பாட்டிதான் முதலில் எழுந்தார்.

ஒன்பது பேரும் சேர்ந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்று பாஸ்காரரையும் மேடைக்கு இழுத்தார்கள். சாக்ஸோடு எப்படிப் போவது? கிடைத்ததை மாட்டிக்கொண்டு போனார். கறுப்பு உடை வரிசையின் கோடியில், ஒரு நம்பர் சின்ன ஆரஞ்சு ஷூ, பின்பக்கம் மிதிபட்டு, செருப்பு மாதிரி. அன்றைய கைதட்டலில் பெரிய கைதட்டல் அதற்குத்தான். இரண்டாவது இடம் என் மூன்றாவது நாற்காலிக்கு என்று நான் நம்புகிறேன்.

லண்டன் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பல தேவாலயங்களில் மதிய வேளையில் இந்த மாதிரிச் சின்னக் கச்சேரிகள் நடக்கும், சிலவற்றுக்குக் காசே கிடையாது. கால் மணி நேரம் முன்னால் போய், மேடைக்குப் பக்கவாட்டில், உள்ளறைக் கதவுக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே உட்காருங்கள். கறுப்பு உடை மட்டும் வேண்டாம். நாற்காலி தூக்கச் சொல்லிவிடுவார்கள்.